காது கொடுத்த குன்று

தில்லி படேல் நகர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ஆனந்த் பர்வத் போக வேண்டும் என்றால், பேட்டரி ரிக்‌ஷாக்காரர் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பட்டறைக்கு, பாபுஜி?" பட்டறை தவிர வேறு காரணத்துக்காக அங்கே யாரும் வருவதில்லை போலிருக்கிறது. லேத் இயந்திரங்களின் கிறீச்சொலி, பிரஸ் மெஷின்களின் தடதடப்பு, சந்துக்குச் சந்து எண்ணெய்ப் பிசுக்கு. மூச்சு வாங்க மேடேறினால்தான் இது ஒரு குன்று என்பதே நினைவுக்கு வருகிறது. ஆரவல்லித் தொடரின் கடைசி வால்.

இத்தனை இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு நம்புவது கடினம். ஒரு காலத்தில் இந்தக் குன்றின் முழுநேர வேலையே உன்னிப்பாகக் கேட்பதுதான்.

1917இல் தொடங்கப்பட்ட ராம்ஜஸ் கல்லூரி, இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கேதான் இருந்தது. போர்க்காலத்தில் வளாகம் ராணுவத்தின் கைக்குப் போனது. கல்லூரி பல்கலைக்கழக வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தது. வகுப்பறைகளில் குடியேறிய அமைப்பின் பெயர் 'வயர்லெஸ் எக்ஸ்பெரிமென்டல் சென்டர்'. ஏதோ விஞ்ஞானச் சோதனைக்கூடம் என்று நினைக்கத் தோன்றும். அதற்காகவே வைத்த பெயர். உண்மையில் அது, இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கோடு இணைந்து இயங்கிய ஒட்டுக்கேட்பு நிலையம். பெங்களூரிலும் கல்கத்தாவை அடுத்த பரக்பூரிலும் இதற்குக் கிளைகள் இருந்தன.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. ரங்கூனில் ஒருவர் மோர்ஸ் கட்டையைத் தட்டினால், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தில்லியில் எப்படிக் கேட்கும்? அதுதான் சிற்றலையின் குணம். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்த அலைகள் நேரே போய் வானத்தில் தொலைந்துவிடுவதில்லை. மேலே அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து மீண்டும் தரைக்கு வருகின்றன. பகலில் உயர்ந்த அதிர்வெண்கள் தூரம் போகும், இரவில் தாழ்ந்தவை. தன் படைக்கு அனுப்பும் செய்தி எதிரியின் காதிலும் விழும் என்பது அனுப்புகிறவனுக்கும் தெரியும். ஆனால் கடல் கடந்து பரவிய படைக்கு வேறு வழியில்லை. ஆகவே சங்கேதத்தில் அனுப்பினான்.

பிடிப்பதற்குத் தேவை நல்ல ரிசீவர். அதன் வரலாறும் போர்க்களத்தில்தான் தொடங்குகிறது. 1918இல் பிரான்சில் இருந்த அமெரிக்க ராணுவ சிக்னல் படை அதிகாரி எட்வின் ஆம்ஸ்ட்ராங், 'சூப்பர்ஹெட்டரோடைன்' முறையை உருவாக்கினார். வரும் அலை எதுவானாலும் அதைக் கருவிக்குள்ளேயே ஒரு நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றி, பிறகு பெருக்கும் உபாயம் அது. நம் வீட்டு அலமாரியில் இருந்த வால்வு ரேடியோவும் பிறகு வந்த டிரான்சிஸ்டரும் அந்த முறையின் பேரப்பிள்ளைகள்தான்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் ஒட்டுக்கேட்பு நிலையங்களில் இரண்டு கருவிகளுக்குத் தனி மவுசு. ஒன்று, 1935இல் வெளிவந்த அமெரிக்காவின் எச்.ஆர்.ஓ. அதன் டயலில் அதிர்வெண்ணே இருக்காது. 0 முதல் 500 வரை வெறும் எண்கள். அலைவரிசை மாற்ற, இழுப்பறை மாதிரி இருக்கும் காயில் தொகுப்பை உருவி வேறொன்றைச் செருக வேண்டும். இழுப்பறையின் முகப்பிலுள்ள வரைபடத்தைப் பார்த்துத்தான் அதிர்வெண் அறிய முடியும். மற்றது ஆர்.சி.ஏ.யின் ஏ.ஆர்.88. 14 வால்வுகள், ஆறு அலைவரிசைகள், ஏறத்தாழ 45 கிலோ எடை. ஒருமுறை டியூன் செய்தால் மணிக்கணக்கில் நகராது என்று பெயர் வாங்கியது.

ஆனால் கருவி பாதிதான். மீதி, ஹெட்போனுக்குள் இருந்த காது. வெறும் மோர்ஸ் அலைக்கு ஒலி கிடையாது. ரிசீவருக்குள் இருக்கும் இன்னொரு ஆஸிலேட்டர் அதோடு மோதித்தான் 'கீ... கீகீ' என்று கேட்கும். இரைச்சல், இடிமின்னல், பக்கத்து நிலையம் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த மெல்லிய கீச்சைப் பிரித்து, பென்சிலால் எழுத வேண்டும். ஜப்பானியரின் மோர்ஸ் வேறு, அதையும் புதிதாகக் கற்க வேண்டும். ஓர் எழுத்து தவறினால் சங்கேதத்தை உடைப்பவருக்குத் திண்டாட்டம். தேர்ந்த ஆபரேட்டர், தட்டும் தோரணையை வைத்தே அனுப்புகிறவன் இன்னார் என்று சொல்லிவிடுவார்.

அப்படிச் சேர்ந்த தாள்களிலிருந்துதான் 1943 ஏப்ரலில் ஜப்பானிய ராணுவத்தின் 'நீர்ப் போக்குவரத்து' சங்கேதம் உடைந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் இந்தக் குன்றிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில். அது ஜப்பானிய ராணுவத்தின் உயர்மட்டச் சங்கேதங்களில் முதலில் உடைந்தது. சரக்குக் கப்பல்களின் போக்குவரத்து நேச நாடுகளுக்குத் தெரிய ஆரம்பித்தது. இங்கே அந்தப் பணியில் முக்கியப் பங்கு வகித்த வில்ஃப்ரிட் நாய்ஸ், பின்னாளில் 1953 எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்றார். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. ஹெட்போன் மாட்டியிருந்தவர்களின் பெயர்கள்?

என் பெரியப்பா அவர்களில் ஒருவர். திருச்சிக்காரர். படையில் சேர்ந்து தில்லியில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். "பெரியப்பா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "துப்பாக்கியே தொட்டதில்லடா. உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன்" என்பார். நாங்கள் சிரிப்போம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் என்பது எங்களுக்குத் தெரியாது. பிளெட்ச்லியின் ரகசியமே 1974இல்தான் புத்தகமாக வெளிவந்தது. அதற்கு முன்பே அவர் போய்விட்டார். யோசனையில் இருக்கும்போது அவரது ஆள்காட்டி விரல் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

போர் முடிந்ததும் பல நாடுகளில் இந்த ரிசீவர்கள் உபரிச் சரக்காக விலைக்கு வந்து, ஹாம் ரேடியோ ஆர்வலர்களின் மேசைகளுக்குப் போயின. சுதந்திர இந்தியா தன் ராணுவத்துக்கான தொலைத்தொடர்புக் கருவிகளைத் தானே செய்துகொள்ள, 1954இல் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸைத் தொடங்கியது. செயற்கைக்கோள் வந்த பிறகும் ராணுவங்கள் சிற்றலையைக் கைவிட்டுவிடவில்லை.

குன்றின் மேல் ராம்ஜஸ் பெயரில் பள்ளி இருக்கிறது. மணியடித்ததும் பிள்ளைகள் கூச்சலோடு சரிவில் ஓடி வருகிறார்கள். நான் சுற்றிவந்த சந்துகளில் அந்த நிலையத்தை நினைவூட்டும் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. பிளெட்ச்லி பார்க் இன்று அருங்காட்சியகம். கட்டணம் கொடுத்துப் பார்க்கிறார்கள். இங்கே அவ்வளவு வேண்டாம். இந்த இடத்தில் இந்தியர்களும் பிரிட்டிஷாரும் ஆப்பிரிக்கர்களும் இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று இரண்டு வரி போதும். அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது நின்று படிப்பார்கள்.