கூப்பிடு தூரம்

வேட்டி சைக்கிள் செயினில் மாட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு நாலைந்து முறை. முதல் தடவை 1974-இல், மதுரை வடக்கு மாசி வீதியில். செல்லூரிலிருந்து அச்சகத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். புழுதியும் எண்ணெயும் ஊறிய செயின் வேட்டிக் கரையைக் கவ்விப் பல்சக்கரத்துக்குள் இழுத்துவிட்டது. அந்த நேரத்தில் ஆளும் வண்டியும் ஒரே உடம்பு. இறங்க முடியாது, குனிய முடியாது, இடுப்பைப் பிடித்திருக்கும் கையை எடுக்கவே முடியாது. ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு அசடு வழிய நின்றேன்.

எதிர்த் திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். "ஆடாம நில்லுப்பா" என்றவர், பெடலைக் கையால் பிடித்துப் பின்பக்கமாக மெல்லச் சுற்றினார். ஒவ்வொரு பல்லாகத் துணியை விட்டது. கரை நெடுகப் பொட்டு வைத்தாற்போல் கறுப்பு மசி. "கரண்டைக்கு மேல தூக்கிக் கட்டுனா என்னவாம்?" என்று ஒரு அதட்டல் வேறு. பெயர் கேட்கவில்லை; சொல்லவும் இல்லை.

ஐம்பது வருஷமாக அதே ஊரில் சைக்கிள் மிதிக்கிறேன். ஊர் என்னை எப்போதும் கூப்பிடு தூரத்திலேயே வைத்திருந்தது. சைக்கிள்காரனை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், அதட்டலாம், "தம்பி, சிம்மக்கல் வரைக்கும் ஏத்திக்கிறியா?" என்று முன்பின் தெரியாமலே கேரியரில் உட்காரலாம்.

அன்றைக்கு இருட்டியபின் விளக்கில்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டு நடக்கவிடுவதும் உண்டு. டைனமோ வாங்க எல்லாரிடமும் காசு ஏது? வாங்கியவனுக்கும் நிம்மதி இல்லை. டயரில் உரசிச் சுற்றுகிற சாமான், மிதி கனக்கும். வேகம் குறைந்தால் வெளிச்சம் சுண்டும், நின்றால் அணைந்தே போகும். எதிரே வருகிறவர்தான் எங்களுக்கு விளக்கு. "அண்ணே, யானைக்கல்லுல ஆளு நிக்குது!" அவ்வளவுதான். இறங்கித் தள்ளிக்கொண்டு, பால் குடிக்காத பூனையைப் போலப் போலீஸ்காரரைக் கடந்து, பத்தடி தள்ளி ஏறிக்கொள்வோம். டபுள்ஸ் வருகிறவர்களில் பின்னால் இருப்பவர் குதித்து, யாரோ போலத் தனியாக நடந்து வருவார். சட்டப்படி தப்புதான். அந்தப் போலீஸ்காரருக்கும் எல்லாம் தெரியும் என்பது என் சந்தேகம். அவரும் சைக்கிளில்தான் வந்திருப்பார்.

அதற்காக அது பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தில் பெண்கள் அரிது. என் தங்கையைச் சைக்கிள் தொடவிடவில்லை எங்கள் அப்பா. 1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த வண்டியையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் அல்லவா? அந்தச் செய்தியை அப்பா பேப்பரில் படித்தார். இரண்டு முறை படித்தார். மடித்து வைத்துவிட்டு, தங்கை வீட்டுக்கு அன்றைக்கு ஏனோ பலகாரம் வாங்கிக்கொண்டு போனார்.

இன்றைக்கு என் பேரன் பைக் ஓட்டுகிறான். "சைடு ஸ்டாண்டு!" என்று தெருவே கத்துகிற பழக்கம் மட்டும் எங்கள் சொத்தாக அவனுக்கு வந்திருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் பாட்டு ஓடுவதால் அதுவும் காதில் விழுவதில்லை. விடியற்காலையில் கியர் சைக்கிளில் கூட்டமாகப் போகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். நல்ல காரியம். கையைத் தூக்கினால் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேகத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் போய்க்கொண்டிருந்தேன். 1889-இல் கட்டிய பாலம். எனக்கு அதைவிட வயதாகிவிட்டது போல மிதி கனத்தது. எழுபத்திரண்டு ஆகிறதே என்று முழங்காலைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். அரசு கொடுத்த சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை முன்னே போனது. துப்பட்டா நுனி பின்சக்கரத்தைத் தொட்டுத் தொட்டு மீண்டது.

"பாப்பா, துப்பட்டா!"

திரும்பாமலே ஒரு கையால் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம்தான் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தாள். "தாத்தா, உங்க பின் வீல்ல காத்தே இல்ல."

யானைக்கல் இறக்கத்தில் கடைக்காரர் காற்றடித்து, விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்துப் பார்த்தார். சின்னதாக ஒரு குமிழி விட்டது. "வால்டியூப் போச்சுங்கய்யா. எத்தனை நாளா இப்படி மிதிக்கிறீங்க?"