நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு ஒயர்

"சோலார்தானே அண்ணாச்சி, கூரையில பேனலை ஒட்டி லித்தியம் பேட்டரியை வச்சா முடிஞ்சது" என்கிறார்கள், வேனை வீடாக மாற்ற வரும் பிள்ளைகள். 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்த பிறகு, இந்தக் கரிசல் பக்கம் சோலார் தெரியாத ஆளே இல்லை என்றாகிவிட்டது. கமுதிக்கு ராத்திரிக் கவலை இல்லை. பொழுது சாய்ந்தால் காற்றாலையும் அனல்மின் நிலையமும் பார்த்துக்கொள்ளும். வேனில் குடியிருப்பவர் பகலில் சேர்த்ததை வைத்துத்தான் விடியும்வரை ஓட்ட வேண்டும். இரண்டும் ஒரே தொழில் என்றால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் கோவில்பட்டி 9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போதும் ஆவணி நடுவிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல். அதனால் கூரையில் பேனலைப் படுக்கப் போட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஒட்டக் கூடாது. காற்று போக அடியில் நாலு விரல் இடைவெளி வேண்டும். பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அது தரும் மின்சாரம் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். தகரக் கூரையில் 65 டிகிரி சாதாரணம். கரிசல் புழுதி பனியில் நனைந்து பசையாக ஒட்டும். கமுதியில் துடைக்க ரோபோ உண்டு. வேன்காரர் விடியுமுன் தானே ஈரத்துணி பிடிக்க வேண்டும்.

இதெல்லாம் பழகிவிடும். என் தொழிலில் என்னை விடாமல் படுத்தியது நிழல்தான். சித்திரை வெயிலில் வேப்பமரத்தடியில் நிறுத்தாமல் வண்டிக்குள் மனுஷன் இருக்க முடியாது. நிழலில் நிறுத்தினால் பேட்டரி ஏறாது. ஆகவே வண்டி நிழலில், தரையில் விரித்த பேனல் வெயிலில், நடுவே 10 மீட்டர் ஒயர். அங்கேதான் வினை.

200 வாட் பேனல் இரண்டைப் பேரலலில் போட்டால் 18 வோல்ட்டில் 22 ஆம்பியர். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் போக வர 20 மீட்டர்; 2 வோல்ட்டுக்கு மேல் ஒயரே தின்றுவிடும். வெயிலில் பேனலின் வோல்ட்டும் இறங்கியிருக்கும். பேட்டரிக்குக் கடைசியில் வேண்டிய 14.4 வந்து சேராது. மீட்டர் நல்லபடியாகக் காட்டும், ஹைட்ரோமீட்டர் உண்மையைச் சொல்லும். அரை வயிற்றோடு கிடந்து தகட்டில் சல்பேட் பிடித்து லெட்-ஆசிட் பேட்டரி செத்துப்போகும். பழி கம்பெனிமேல் விழும்.

அதே இரண்டையும் சீரியலில் போட்டு, கூடுதல் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலரைப் பேட்டரி பக்கத்திலேயே வைத்தால் 36 வோல்ட், 11 ஆம்பியர். முன்பு எட்டில் ஒரு பங்கு போன இடத்தில் இப்போது 3 சதவீதம்தான் போகும். கிளை நிழல் ஒன்றுகூட விழாத இடமாகப் பார்த்து விரிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், "கம்பியில மிச்சம் பிடிச்சவன் பேட்டரியில குடுப்பான்" என்பார். ஒயர் முனையில் லக்கை அழுத்திய பிறகு இழுத்துப் பார்ப்பார். ஒரு நூல் அசைந்தாலும் வெட்டிப் போடுவார்.

இன்று லக்கைக் குறட்டால் நசுக்குகிறார்கள். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இல்லை. என்னென்ன ஓடும், எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாரும் கேட்டு எழுதுவதில்லை. 75 வாட் பழைய ஃபேன் பத்து மணி நேரத்தில் 750 வாட்-அவர் தின்னும். பிஎல்டிசி ஃபேனுக்கு 280 போதும். 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 900. ஒரு ஃபேனைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மிச்சமெல்லாம் இருட்டு. லித்தியத்தில் சல்பேட் இல்லை, உண்மைதான். ஆனால் ஒயரில் சூடாகப் போனது எந்தப் பேட்டரிக்கும் வந்து சேராது.

ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வானம் மூடும். அன்றைக்குத்தான் வேலை செய்தவன் யார் என்று தெரியும். வண்டி கட்டுகிறவர்கள் பேனல் எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன் ஒயர் என்ன கனம், எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். கணக்கு எழுதாமல் ஒயர் வெட்டுகிறவனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.