காரமில்லாத சுருட்டு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திருச்சியில் நான் குடியிருக்கிற வாடகை வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு சுருட்டுக் குடித்தேன். முழுசாக. ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் பெண், வயசு முப்பத்தேழு, தமிழ் எம்.ஏ., இயக்க வேலை செய்கிறவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற தோழர்களில் பாதிப் பேர் இந்த விவரங்களில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் என்னிடம் கேள்வி கேட்கப் போகிறார்கள்.

சுருட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே நர்ஸ் வேலை பார்க்கிற தோழி லீவில் வந்தபோது, "ஒங்க அம்மாயி ஞாபகமா வச்சுக்க" என்று ஒன்றே ஒன்று கொடுத்தாள். விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இரண்டு நாள் சாப்பிடும். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் கை நீட்டி வாங்கிக்கொண்டது.

மாடியில் கூட இருந்த தோழர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன தோழர், சர்ச்சில் மாதிரி?"

சர்ச்சில் திருச்சிச் சுருட்டு குடித்தார் என்பது இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற பெருமை. வெள்ளைக்காரன் காலத்தில் உறையூர்ச் சுருட்டு கப்பலேறியது உண்மைதான். இங்கிலீஷில் 'செரூட்' என்கிற வார்த்தையே நம்முடைய சுருட்டிலிருந்து போனது. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலைகாரன் குடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலை வைத்தே கண்டுபிடிக்கிறார். சரி, இருக்கட்டும். சர்ச்சில் குடித்தால் அது ஊர்ப் பெருமை, எங்கள் அம்மாயி குடித்தால் சேரிப் புத்தி. சிரித்த தோழரும் நம்மாள்தான். அவர் வீட்டுக் கிழவியும் திண்ணையில் உட்கார்ந்து குடித்திருக்கும். சுருட்டு என்றதும் அவருக்கு அந்தக் கிழவி ஞாபகம் வரவில்லை, சர்ச்சில் வருகிறார்.

எங்கள் ஊர் லால்குடிப் பக்கம். அம்மாயிக்குச் சுருட்டு வாங்கிவர என்னைத்தான் அனுப்பும். 1996, 97 இருக்கும், நான் மூணாவதோ நாலாவதோ படிக்கிறேன். கடை ஊர்த்தெருவில். காசைப் படியில் வைக்க வேண்டும். கடைக்காரர் சுருட்டைத் துண்டுப் பேப்பரில் சுற்றி மேலேயிருந்து போடுவார். சில நாள் கையில் விழும், சில நாள் மண்ணில் விழும். எங்கள் தெருவுக்கென்று அவர் தனியாக ஒரு டப்பா வைத்திருந்தார். அதில் கிடப்பதெல்லாம் வெடித்தது, ஈரம் பட்டது, பூச்சி ஓட்டை போட்டது. ஒருநாள் அம்மாயி சொல்லி அனுப்பியபடி, "நல்லதாப் பாத்துக் குடுங்க" என்று கேட்டுவிட்டேன். "ஒங்க கெழவிக்குக் காரம் இருந்தாப் போதும். சேரி நாக்குக்கு நல்லது என்னா, கெட்டது என்னா?" என்றார். டப்பாதான் வேறு. காசு எல்லாருக்கும் ஒரே காசு.

அம்மாயி வெடித்த இடத்தில் வெத்திலை நுனியைக் கிழித்து எச்சில் தொட்டு ஒட்டும். பிறகு பற்ற வைக்கும். நாலு இழுப்பு இழுப்பதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். நடவு, களை, மாட்டுக்கொட்டகை, என்னவாவது. அணைத்து முந்தானையில் முடிந்துகொண்டு ஓடும். ஒரு சுருட்டை அது ஒரே உட்காரலில் குடித்து முடித்ததை நான் பார்த்ததே இல்லை. பற்ற வைத்த சுருட்டோடு ஊர்த்தெருவில் நடக்கவும் கூடாது. ஒருதரம் எதிரே ஆள் வந்துவிட, உள்ளங்கைக்குள் மறைத்துச் சுட்டுக்கொண்டது. அந்தத் தழும்பு வலது கையில் கடைசிவரை இருந்தது. நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

அம்மாயியோட தம்பி உறையூரில் ஒரு சுருட்டுப் பட்டறையில் வேலை பார்த்தது. பொங்கலுக்கு வரும்போது நாலைந்து சுருட்டு கொண்டுவரும். தினசரி கடைக்குப் போகிற சரக்கு இல்லை, தெரிந்தவர்களுக்கென்று பொறுக்கிச் சுற்றியது. அம்மாயி அதைக் காதோரம் வைத்து விரலால் உருட்டிக் கேட்கும். ராத்திரி எல்லாரும் அடங்கின பிறகு பற்ற வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். "காரமே இல்லடா தம்பி. ஆனா வாயில நிக்கிது பாரு."

தாத்தா விளக்கம் சொல்லும். செடியில் மேலே இருக்கிற இலை வெயிலை முழுசாக வாங்குகிறது, அதில்தான் காரம். கீழே போகப்போக மென்மை. பறித்த இலையைக் காய வைத்து, அம்பாரமாகக் குவித்து, உள்ளே சூடு ஏற ஏறப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். அதில்தான் நெடி வெளியேறும். அவசரப்பட்டால் தொண்டையைப் பிடிக்கும். "காரமா சுத்துறதுக்கு எவனும் வேணாம் புள்ள. காரமில்லாம சுத்துறதுக்குத்தான் ஆளு வேணும்" என்று சொல்லும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போது அதில் பாதிதான் புரிந்தது.

அந்தக் கடைக்காரர் சொன்னதை வேறு வேறு வார்த்தைகளில் நான் பிறகு நிறையக் கேட்டிருக்கிறேன். கல்லூரியில், விடுதியில், இலக்கியக் கூட்டத்தில். அவங்களுக்குக் காரம்தான் பிடிக்கும், சத்தம்தான் பிடிக்கும், அடிக்கிற கலர்தான் பிடிக்கும். நம்மிலும் சிலர் இதை எடுத்து, தலித் அழகியல் என்றால் நெடி, காரம், கோபம் என்று எழுதுகிறோம். நானே எழுதியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். கோபம் நமக்கு வேண்டும், அதை நான் விடுவதாக இல்லை. ஆனால் அம்மாயி காரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. டப்பாவில் அதுதான் கிடந்தது.

அன்றைக்கு மாடியில் என் கையில் இருந்தது வறுத்த கடலைத்தோல் நிறம். நரம்பே தெரியாத மேலிலை, எங்கே அமுக்கினாலும் ஒரே மாதிரி இருந்தது. வெடிப்பு இல்லை. ஒட்டுப்போட வேண்டிய இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று என்னை அறியாமல் தேடினேன். தலைப்பகுதியைக் கொஞ்சமாக நறுக்கி, தீக்குச்சிச் சுடர் படாமல் சூட்டில் மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டிப் பற்ற வைத்தேன். புகையை உள்ளே இழுக்கவில்லை, சுருட்டை அப்படிக் குடிப்பதில்லை. வாயில் வைத்திருந்து விட்டேன். முதலில் காய்ந்த வைக்கோல் மாதிரி ஒரு வாசம். கொஞ்சம் போனதும் பால் காய்ச்சுகிற வாசம், அப்புறம் மர வாசம். தொண்டையில் ஒன்றும் இல்லை. சாம்பல் வெள்ளையாகக் கட்டை விரல் நீளத்துக்கு உதிராமல் நின்றது. நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும், அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். அவசரப்படாதே என்று என்னிடம் சொன்ன முதல் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். புகையிலை கெடுதல் என்பது எனக்கும் தெரியும். காரமில்லாத சுருட்டும் புகையிலைதான். யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை.

உள்ளே டொமினிகன் நாட்டு இலை, மேலே கனெக்டிகட் இலை என்று தோழி சொல்லியிருந்தாள். கனெக்டிகட் அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கிற மாநிலம். அங்கே 1900 வாக்கில் ஆரம்பித்து, வயலுக்கு மேல் வெள்ளைத் துணியால் பந்தல் போட்டுப் புகையிலை வளர்த்துவந்தார்கள். நேர் வெயில் படாததால் இலை மெல்லிசாக, வெளிர் நிறமாக, காரமில்லாமல் வருகிறது. இலைக்கு நிழல். பந்தலுக்குள் நின்று அடியிலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பறிக்கிறவர்களுக்குப் புழுக்கம்.

1944 கோடையில் அந்தப் பந்தலுக்குள் நின்று வேலை செய்தவர்களில் ஒரு பதினைந்து வயசுப் பையன் மார்ட்டின் லூதர் கிங். அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேரப்போகிற நேரம். அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் படிப்புச் செலவுக்காகக் கோடையில் வடக்கே போய்ப் புகையிலை வேலை செய்தார்கள். சிம்ஸ்பரி என்கிற ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரர்களோடு ஒரே சர்ச்சில் உட்கார்ந்ததையும், பக்கத்து நகரமான ஹார்ட்ஃபோர்டில் எந்த ஓட்டலிலும் போய்ச் சாப்பிட முடிந்ததையும் ஆச்சரியப்பட்டு வீட்டுக்குக் கடிதம் எழுதினான். திரும்பி வரும்போது வாஷிங்டனில் இறங்கி, கறுப்பர்களுக்கான பெட்டியில் மாறி ஏற வேண்டியிருந்தது. ரயில் சாப்பாட்டுப் பெட்டியில் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தது பற்றி அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தத் திரை தன் மேலேயே விழுந்த மாதிரி இருந்ததாம். சமூகத்துக்கு உழைக்க வேண்டும், போதகராக வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கோடையில்தான் வந்தது. 1947இல் மறுபடியும் அதே வேலைக்குப் போனார்.

வயலில் துணி, ரயிலில் துணி. டம்ளரைத் தனியாக வைத்த ஊர்க்காரிக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இன்னொன்றும் யோசித்தேன். பந்தலுக்குள் வியர்த்து நின்ற அந்தப் பையனுக்கு அந்த இலையைச் சுற்றின நல்ல சுருட்டு ஒன்றை யாராவது கொடுத்திருப்பார்களா?

கியூபா கதை கொஞ்சம் ஆறுதல். ஹவானாவில் சுருட்டுச் சுற்றுகிற தொழிலாளிகள் 1865இல், தாங்கள் வேலை செய்யும்போது பத்திரிகையும் புத்தகமும் வாசித்துக் காட்ட ஒரு ஆளை வைத்துக்கொண்டார்கள். கூலி முதலாளி தரவில்லை, தொழிலாளிகளே தங்கள் சம்பளத்திலிருந்து போட்டார்கள். அடுத்த வருஷமே ஸ்பானிய அரசு அதைத் தடை செய்தது. நாட்டில் அடிமை முறை அப்போதும் இருந்தது, ஒழிந்தது 1886இல். வாசிப்பு திரும்பவும் வந்தது. விரும்பிக் கேட்ட டூமாஸ் நாவலின் பெயர்தான் பிறகு 'மான்டிகிறிஸ்டோ' சுருட்டாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவனும் கதை தெரிந்தவனாக இருந்தான்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஆள் இருந்தது, நான். சுருட்டுச் சுற்றிவந்த துண்டுப் பேப்பரை அம்மாயி தூக்கிப் போடாது. "என்னா போட்ருக்கான், படி" என்று சொல்லும். பாதிச் செய்தி இருக்கும், மீதி கிழிந்திருக்கும். எங்கேயோ ஒரு பஸ் கவிழ்ந்திருக்கும், எத்தனை பேர் செத்தார்கள் என்கிற இடம் இருக்காது. அம்மாயிக்கு அது ராத்திரி முழுக்கக் கவலை. எம்.ஏ. தமிழுக்கு நான் எங்கே ஆரம்பித்தேன் என்று யாராவது கேட்டால், கடைக்காரர் கிழித்த பேப்பரில் என்றுதான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அம்மா சத்துணவு அமைப்பாளர். எங்கள் தெருவில் அரசு வேலைக்குப் போன முதல் பொம்பளை. வெள்ளைச் சேலை, இழுத்துச் சீவிய தலை, வீட்டில் நெடியே இருக்கக் கூடாது. எங்களைத் தொடுவதற்கு முன்னால் அம்மாயி வாயை அலம்ப வேண்டும். அதுவும் அலம்பிவிட்டு வந்து, சின்னப்பிள்ளை மாதிரி ஊதிக் காட்டும். 2004இல் அம்மாயி செத்தபோது யாரோ ஒரு கிழவி அழுதுகொண்டே வந்து தலைமாட்டில் ஒரு சுருட்டை வைத்தது. அம்மா அதை எடுத்து வெளியே போட்டாள். பள்ளிக்கூட டீச்சர்கள் வந்திருந்தார்கள். எனக்குப் பதினாறு வயசு. என் கூடப் படித்த பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அம்மா எடுத்துப் போட்டது எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. இதை இதுவரை நான் எங்கேயும் எழுதவில்லை.

பாதி முடிந்தபோது கீழே யாரோ கேட் திறக்கிற சத்தம் கேட்டது. என் கை தானாகச் சுருட்டைத் தரையில் தேய்க்கப் போய்விட்டது. வந்தது பக்கத்து வீட்டுக்காரர். நான் கையை எடுத்துக்கொண்டேன். விரல் சுடுகிற வரைக்கும் குடித்தேன். தோழர் எப்போதோ போயிருந்தார். மிச்சத்தை நசுக்காமல் சுவரோரம் வைத்தேன், நல்ல சுருட்டு தானாக அணையும்.

அப்போது அம்மா போன் செய்தாள். சாப்பிட்டியா, என்ன பண்ற என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். "சுருட்டுக் குடிச்சேம்மா. நல்ல சுருட்டு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"வாய அலம்பிட்டுப் படு" என்றாள்.