முதல் மஃப்ளர் பின்னப் போறீங்களா?

முதல்ல ஒரு எச்சரிக்கை. ஹாஸ்டல்ல உட்கார்ந்து மஃப்ளர் பின்னினா உங்களுக்கு 'பாட்டி'ன்னு பட்டப்பெயர் வைப்பாங்க. எனக்கு வெச்சாங்க. இன்னும் போகலை. பரவாயில்லைன்னா மேல படிங்க.

நாலாவது செமஸ்டரில் எனக்கு ரெண்டு அரியர். அப்பா திட்டவில்லை, அதுதான் பிரச்சினை. போன் செய்தால் "சாப்ட்டியா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதோடு முடித்துக்கொள்வார். ஊட்டியில் பஸ் ஓட்டுகிறார். முதல் டிரிப் காலை அஞ்சரைக்கு. டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துக்குப் புல் மேல உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கும். அவருடைய பழைய மஃப்ளர் நைந்துபோயிருந்தது. கடையில் வாங்கியிருக்கலாம். ஏனோ பின்னணும்னு தோணிச்சு.

வாங்கும்போதே முதல் தப்பு. யூடியூப்ல அந்த அம்மா "எட்டாம் நம்பர் ஊசி" என்றார், நானும் கடையில் அதையே கேட்டு வாங்கினேன். அவர் சொன்னது அமெரிக்க எண், அதாவது 5 மி.மீ. நம்ம ஊர்க் கடையில் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண். அதில் 8 என்றால் 4 மி.மீ. பின்னினது அட்டை மாதிரி விறைப்பா வந்தது. யூனிட் போடாம மார்க் விடுற நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? மி.மீ. சொல்லிக் கேளுங்க. நடுத்தரத் தடிமன் உல்லன் நூலுக்கு 5 மி.மீ. ஊசி சரியா இருக்கும். நூல் வெளிர் நிறமா எடுங்க. அழுக்கு தெரியாதுன்னு நான் கறுப்பு எடுத்தேன். டியூப் லைட்ல கறுப்புக் கண்ணியை எண்ணுவது நரகம். மறுபடி கடைக்குப் போய் சாம்பல் நிறம் வாங்கினேன்.

டிசைன் எதுவும் வேண்டாம். எல்லா வரிசையும் 'நிட்' மட்டும் போடுங்க. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்னு மாத்தி மாத்திப் போட்டா வழவழன்னு அழகாத்தான் வரும், ஆனா ஓரம் சுருண்டு குழாய் மாதிரி ஆயிடும். நம்பலைன்னா பழைய டீ-ஷர்ட்டை வெட்டிப் பாருங்க. திருப்பூர் பனியன் துணியும் அதே பின்னல்தான், வெட்டின ஓரம் சுருண்டுக்கும்.

36 கண்ணி ஏற்றினேன், சுமார் 20 செ.மீ. அகலம். ஒரு வாரத்தில் ஒரு முழம் வந்தது. ரூம்மேட் பார்த்துட்டு, "என்னடா பாட்டி, கீழ ஒல்லியா, மேல குண்டா இருக்கு?" என்றான். எண்ணினேன். 47!

வரிசை ஆரம்பிக்கும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டிருக்கிறேன். அப்படிப் போட்டா முதல் கண்ணி இழுபட்டு ரெண்டு கண்ணி மாதிரி தெரியும். ரெண்டுலயும் பின்னிட்டா ஒண்ணு கூடிடும். நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடியில்தான் பின்னால் கொண்டுபோகணும். ஒவ்வொரு வரிசை முடிவிலயும் எண்ணுங்க. நான் எண்ணலை.

"விடுடா, அப்பாதானே, கண்டுக்க மாட்டார்" என்றான் ரூம்மேட். ரெண்டு நாள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். கண்டுக்க மாட்டார் என்பதுதான் உறுத்தியது. அப்புறம் ஊசியை உருவிட்டு நூலை இழுத்தேன். ஒரு வார வேலை, சில நிமிஷத்துல போச்சு. கையில் நூல் மட்டும், நெளிநெளியா. மறுபடி 36.

மீதி விஷயம் சுருக்கமா. வரிசை நடுவில் நிறுத்திட்டுச் சாப்பிடப் போகாதீங்க, எந்தப் பக்கம் போய்க்கிட்டிருந்தோம்னு மறந்துடும். புது உருண்டையை ஓரத்தில் சேருங்க, 15 செ.மீ. வால் விட்டு. கண்ணி நழுவினா உடனே ஒரு சேஃப்டி பின் மாட்டி நிறுத்துங்க. கடைசி வரிசையைத் தளர்வா முடிங்க, இல்லைன்னா அந்த முனை மட்டும் சுருங்கிக்கும். எனக்கு 150 செ.மீ. நீளத்துக்கு 200 கிராம் நூல் ஆச்சு.

தீபாவளி லீவில் கொடுத்தேன். அப்பா விரித்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிப் பார்த்தார். நடுவில் விரல் நின்றது.

"இங்க என்ன ஓட்டை?"

"ஒரு கண்ணி நழுவிடுச்சுப்பா. கவனிக்காம நாலு வரிசை போயிட்டேன்."

"பிரிச்சுப் போட்டிருக்கலாமே?"

"ஏற்கெனவே ஒரு தடவை முழுசா பிரிச்சாச்சுப்பா."

"எதுக்கு?"

எட்டாம் நம்பர் ஊசியில் ஆரம்பித்துச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். மறுநாள் காலை ஓட்டை உள்பக்கம் வருகிற மாதிரி மடித்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டியபடியே கேட்டார்: "அந்த ரெண்டு பேப்பர் எப்போ?"

"அடுத்த மாசம்ப்பா."