திறக்கும் முன்னே பாதி வேலை

மாமியா ஆர்பி67 கேமராவைக் கையில் வாங்கியதும், கேமரா பழுதுபார்க்கும் அண்ணன் எதையும் அழுத்திப் பார்க்கவில்லை. மேசை விளக்கை இழுத்து, லென்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொண்டுவந்த இளைஞர் பந்திங் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த வாரக் கடைசியில் கல்யாணப் படம் எடுக்க வேண்டுமாம். "பட்டன அழுத்தினா கண்ணாடி மேல போவுது அண்ணே, ஷட்டர் அடிக்கவே மாட்டேங்குது" என்றார். லென்சின் பக்கவாட்டில் இருந்த சிறிய குமிழை அண்ணன் எம் என்ற எழுத்திலிருந்து என் என்ற எழுத்துக்குத் திருப்பினார். நெம்புகோலை இழுத்து விட்டு அழுத்தினார். அடித்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தம்பி. கூலி வேணாம், போ."

அந்தக் குமிழ் எம்மில் நின்றால், பட்டன் கண்ணாடியை மட்டும்தான் தூக்கும். ஷட்டரை அடிக்க லென்சில் தனியாக ஒரு கேபிள் செருக வேண்டும். அதிர்வில்லாமல் படம் எடுப்பதற்கான ஏற்பாடு அது. கேமரா கைமாறும்போது அந்த விவரம் கூடவே வருவதில்லை. ஆர்பி67 1970இல் வந்தது. 1974இல் வந்த புரோ-எஸ் மாடலில் இன்னும் பல பூட்டுகளைச் சேர்த்தார்கள். பிலிமை மறைக்கும் டார்க் ஸ்லைடு தகடு உள்ளே இருந்தால் அடிக்காது. பிலிமை நகர்த்தாவிட்டால் அடிக்காது. சுழலும் பின்பக்கம் பாதியில் நின்றாலும் அடிக்காது. ஷட்டர் போச்சு என்று தன்னிடம் வருபவற்றில் கணிசமானவை இப்படித் தாமாகவே பூட்டிக்கொண்டவைதான் என்கிறார். பழுதோடு வருபவற்றைவிட, பழுதில்லாததை அழுத்தி உடைத்துக்கொண்டு வருபவைதான் அவருக்கு எரிச்சல்.

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் காப்பார். செம்பனைக்குலை லாரிகள் ஓயாத சாலை. பட்டணத்துக் கடைவரிசையின் பின்னால், ஒரு வீட்டின் முன்னறையில் இவருடைய பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. பெயரை எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்; ஏற்கெனவே மேசையில் இடமில்லை.

சின்ன வயதில் கிள்ளானில் ஒரு கடிகாரக் கடையில் கற்ற கை. கடிகாரத்திலிருந்து ஷட்டருக்கு வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஷட்டரில் நேரத்தை அளக்க ஒரு காலத்தில் காற்று உருளையைப் பயன்படுத்தினார்கள். அதைத் தூக்கிவிட்டுக் கடிகாரப் பற்சக்கரங்களை வைத்தது மியூனிக்கின் டெக்கல் நிறுவனம். 1912இல் வந்த காம்பர் ஷட்டர் அது. ஆர்பி67 லென்சுக்குள் இருப்பதோ சீக்கோ ஷட்டர். கைக்கடிகாரத்தில் பார்த்த அதே பெயரைத்தான் இவர் கேமராவிலும் பார்த்தார்.

அன்றைய பெரிய வேலை ஒரு யாஷிகா மேட் 124ஜி. பேரன் ஒருவர் தன் தாத்தாவின் அலமாரியிலிருந்து எடுத்து வந்தது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்து ஸ்டூடியோக்களுக்கு ஐசி என்கிற அடையாள அட்டைப் படம் நிச்சயமான பிழைப்பு. 1948இல் அவசரகாலச் சட்டத்தில் அடையாள அட்டையும் அதில் ஒட்டும் படமும் கட்டாயமான பிறகு, தோட்டத்து ஜனங்கள் எல்லோருமே ஒருமுறையாவது கேமரா முன் உட்கார வேண்டியதாயிற்று. அப்புறம் கல்யாணம், காதணி விழா, பள்ளிக்கூட வகுப்புப் படம். டிஜிட்டல் வந்ததும் ஸ்டூடியோக்கள் போயின, கேமராக்கள் அலமாரியில் தங்கின. இப்போது பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

யாஷிகாவை அண்ணன் காதருகே வைத்துக்கொண்டார். 1/500இல் தொடங்கி ஒவ்வொரு எண்ணாகக் கீழே இறங்கினார். 1/125 வரை 'டிக்' என்று சுத்தமாக அடித்தது. 1/15இல் ஒரு தயக்கம். ஒரு செகண்டில் 'ஸ்ர்ர்' என்று ஓட ஆரம்பித்து நடுவிலேயே நின்றது. ஷட்டரின் இதழ்கள் திறந்தபடியே இருந்தன. லேசாகத் தட்டினார். மிச்சத்தை ஓடி முடித்து மூடிக்கொண்டது.

"இதழ் நல்லாத்தான் இருக்கு. மெதுவா ஓட வைக்கிற சக்கரம்தான் பிசுபிசுத்துப் போச்சு."

திறக்காமலே எப்படித் தெரிந்தது? இதழ்களில் எண்ணெய் ஏறியிருந்தால் எல்லா வேகமும் இழுக்கும்; அழுத்தும்வரை திறந்திருக்கும் பி-யில் வைத்து விட்டாலும் சோம்பலாக மூடும். வேகமான எண்கள் சரியாக இருந்து, மெதுவான எண்கள் மட்டும் நின்றால் பிழை பற்சக்கர வரிசையில். மெதுவான வேகங்களில் மட்டும்தான் அந்த வரிசையில் ஆடும் கொக்கி வந்து சக்கரத்தைப் பல் பல்லாகத் தடுத்துத் தடுத்து விடுகிறது. அந்த 'ஸ்ர்ர்' சத்தம் அதனுடையது. ஒரே சீராகக் கேட்டால் சக்கரம் சுத்தம்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பது நம் ஊருக்கே உரிய கதை. போகஸ் திருகும் மரையில் கம்பெனி வைத்த கிரீஸ், இந்த வெக்கையில் பிரிகிறது. அதன் மெல்லிய பகுதி ஊர்ந்து போய் இதழ்களுக்கு இடையில் தங்குகிறது. தடித்த பகுதி காய்ந்து மெழுகாகிறது. காற்றின் ஈரம் லென்சில் பூஞ்சணத்தை வளர்க்கிறது. டிரை பாக்சில் வைத்திருந்தால் பூஞ்சணமாவது தப்பும்.

முகப்புத் தோலை ஓரத்திலிருந்து உரித்து, அடியில் இருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றினார். கழற்றிய வரிசையிலேயே ஒரு முட்டைத் தட்டின் குழிகளில் போட்டார். தகடு வெளியே வந்ததும் சக்கர வரிசை தெரிந்தது. லைட்டர் பெட்ரோலை ஊசி முனையில் ஒரு சொட்டு தொட்டு வைத்தார். ஷட்டரை அடித்தார். மறுபடி ஒரு சொட்டு. பழைய எண்ணெய் பழுப்பாகக் கசிந்து வந்ததைத் துடைத்தெடுத்தார். ஏழெட்டு முறைக்குப் பின் சத்தம் நீண்டது, நடுவில் நிற்கவில்லை. பிறகு கடிகார எண்ணெய், அதுவும் சக்கரத்தின் அச்சு முனைகளுக்கு மட்டும். இதழ்களுக்கு ஒரு துளியும் கூடாது. கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரேயை ஷட்டருக்குள் அடித்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டாம். அவர்களிடம் இரட்டைக் கூலி வாங்குவதாகச் சொன்னார், நியாயமாகத்தான் பட்டது.

வேலைக்கு நடுவே ஒரு ஹாசல்பிளாட் 500சி/எம் வந்தது. லென்ஸ் கழறவில்லை. அதில் ஷட்டரும் உடலும் இரண்டுமே ஏற்றிய நிலையில் இருந்தால்தான் லென்சைக் கழற்ற முடியும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும். பிலிம் பெட்டியை எடுத்துவிட்டு, பின்புறமாக மெலிந்த நீள ஸ்க்ரூ டிரைவரை விட்டு, லென்சுக்குக் கீழே இருக்கும் வெட்டுத் திருகைக் கடிகாரச் சுற்றில் திருப்பினார். 'கிளிக்'. கை நழுவினால் பின்கண்ணாடியில் கீறல் விழும். அந்த நேரம் மட்டும் அவர் யாரோடும் பேசவில்லை.

உதிரிப் பாகம் புதிதாகக் கிடைக்காது. உடைந்த இதழுக்கும் முறிந்த வில்லுக்கும் இன்னொரு செத்த கேமராவைத்தான் அறுக்க வேண்டும். அதற்காகவே கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி. கற்றுக்கொள்ள வருபவர்கள் உண்டா என்று கேட்டேன். வருகிறார்களாம். படம்பிடித்து இணையத்தில் போட்டுவிட்டுப் போகிறார்களாம்.

மாலையில் யாஷிகாவைச் சோதித்தார். போனில் வினாடிக்கு 240 பிரேம் வேகத்தில் பதிவு செய்து, திறந்திருக்கும் பிரேம்களை எண்ணினார். ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 240 வந்தது. 1/500க்கு இந்த வித்தை உதவாது. இரண்டு மில்லி வினாடியில் திறந்து மூடுவதை, நான்கு மில்லி வினாடிக்கு ஒன்றாக எடுக்கும் பிரேம் எப்படிப் பிடிக்கும்? அதற்கு ஒளி உணரி வைத்த சின்னக் கருவி. 1/500 என்று எழுதியிருந்த இடத்தில் கிட்டத்தட்ட 1/350 காட்டியது.

பேரன் முகம் வாடியது. "சரி பண்ணிடலாமா அண்ணே?"

"வில்ல இறுக்கினா இது சரியாவும், மத்ததெல்லாம் கெடும். அரை ஸ்டாப் வெளிச்சம் கூடுது, அவ்வளவுதான். ஸ்லைடு பிலிமா போடப்போற?"

"இல்ல, நெகட்டிவ்தான்."

"அப்ப விடு. நெகட்டிவ் தாங்கும்."

ஒவ்வொரு வேகத்துக்கும் உண்மையில் வந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தோலுறையின் உட்பக்கம் ஒட்டினார். முதல் ரோல் பன்னிரண்டு படத்தையும் ஒரே சுவரைப் பார்த்து வேகம் மாற்றி மாற்றி எடுத்து, கழுவிய பிறகு தன்னிடம் காட்டச் சொன்னார். அதற்குப் பிறகு கூலியை வாங்கிக்கொள்கிறாராம்.