சிரட்டையும் பிஞ்ஞாணமும்



சென்ற மாதம் ஒரு வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குச் சென்றிருந்தேன். ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டுச் சகோதரி என்னை முன்னறையிலிருந்த கண்ணாடி அலமாரியின் அருகே அழைத்துச் சென்றார்கள். மேல்தட்டில் மாமியார் வழியாக வந்த பழைய பீங்கான் கிண்ணங்கள், வெள்ளையில் நீலப் பூ. கீழ்த்தட்டில் கணவர் வளைகுடா நாட்டிலிருந்து கொண்டுவந்த புதியவை. பூ ஏதுமின்றிச் சாம்பல் நிறத்திலும் மண் நிறத்திலும் இருந்தன. பழையதையும் புதியதையும் கலக்காமல், நெருக்காமல், ஒவ்வொன்றின் அடியிலும் நாகர்கோவில் லேஸ் விரிப்பு ஒன்றை இட்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் சிறிதும் பெரிதுமாக ஐந்து ஓலைப்பெட்டிகள். மூலையில் மீன்காரப் பெண்கள் சுமக்கும் கடவம் ஒன்று. அதனுள் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. உண்மையிலேயே அழகாயிருந்தது. காப்பி வந்தபோது அவர்கள் சற்றுத் தயங்கிக் கேட்டார்கள்: "ஐயா, இதெல்லாம் வீண் பெருமையாகிவிடுமோ?" அன்று அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். உரிய பதிலை அவர்களுடைய அனுமதியோடு உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

அழகின்மேல் திருமறைக்கு மனத்தாங்கல் இல்லை. பெசலெயேல் என்பவனைக் கர்த்தர் தம்முடைய ஆவியினால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிரசங்கிப்பதற்காக அல்ல; பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் நுணுக்கமான வேலை செய்வதற்காக. எங்களைப் போன்ற போதகர்கள் எளிதில் மறந்துவிடுகிற பகுதி அது. ஆகவே வீட்டை அழகுபடுத்துகிற கைகளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பாத்திரத்தைப் பார்க்கும்போது அது எத்தனை பழையது என்று கேட்பதோடு, அதில் யார் உண்டார்கள், யாருக்கு அது மறுக்கப்பட்டது என்றும் நம் மாவட்டத்தார் கேட்டாக வேண்டும்.

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அங்கே சீன வணிகர்கள் அன்பளிப்பாகத் தந்த பெரிய சாடிகள் இருக்கின்றன. நாம் ஊறுகாய்க்கு வைத்திருக்கும் பரணிகளுக்கு அவை பெரிய பாட்டன்மார். அதே அரண்மனையின் ஊட்டுப்புரையில் ஒரு தளத்தில் மட்டும் 1000 பேர் அமர்ந்து உண்ணலாம். அந்தப் பந்தியில் நம் முன்னோரில் எத்தனை பேருக்கு இலை விழுந்திருக்கும்? லண்டன் மிஷனரியான சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில் அன்றைய திருவிதாங்கூரின் தடைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது. அவற்றுக்கிடையே இன்னொன்று: பெண்கள் மற்றவர்களைப் போலக் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. பாத்திரம் இருந்தாலும் அதைப் பிடிக்கிற விதத்திலேகூடத் தாழ்வு தெரிய வேண்டுமாம். அந்தக் கிண்ணங்களின் அடியில் கிடந்த லேஸுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் தொடங்கிய பள்ளியில் லேஸ் பின்னக் கற்ற அடிமைப் பெண்களில் சிலர், அந்தக் கூலியைக் கொண்டே தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை 1855இல்தான் வந்தது.

என் தாயைப் பெற்ற பாட்டி இந்தக் கதைகளை வாசித்தவர் அல்லர். சிறு வயதில் ஒரு பெரிய வீட்டின் பின்புறத்தில், புளியமரத்தடியில், சிரட்டையில் கஞ்சி வாங்கிக் குடித்தவர். குடித்துவிட்டுச் சிரட்டையைக் கழுவி வேலியில் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். அடுத்த நாளும் அதே சிரட்டைதான். திருமணமான பிறகு, தாத்தா பனையேறி இறக்கிய அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி விற்ற காசில், திங்கள்சந்தையில் ஒரு பிஞ்ஞாணம் வாங்கினார். பீங்கான் பாத்திரத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். வெள்ளை உடல், விளிம்பில் இரண்டு நீலக் கோடுகள். பொன் நகை வாங்கியிருக்கலாமே என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்களாம். பாட்டி அந்தப் பிஞ்ஞாணத்தில் தானும் குடித்தார். கொல்லைப்புறமாக வந்து நின்ற எவரையும் முன்வாசலுக்கு வரச்சொல்லி அதிலேயே கஞ்சி ஊற்றியும் கொடுத்தார். ஒரே பாத்திரம், கழுவிக் கழுவி எல்லாருக்கும்.

பாட்டியிடம் ஓர் ஓலைப்பெட்டியும் இருந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அதில் போடுவார். நிறைந்ததும் அது ஆலயத்துக்குப் போகும். ஓலைப்பெட்டிகளைச் சுவரில் மாட்டுகிறவர்களுக்கு ஒரு சிறு ஆலோசனை: ஐப்பசி மழையில் அவை பூசணம் பிடிக்கும், எடுத்து வெயில் காட்டுங்கள். இன்னொன்று, சொல்லாமல் விட மனமில்லை. ஐயாயிரம் பேருக்குப் பிறகு மீந்த பன்னிரண்டு கூடைகளுக்கும், நாலாயிரம் பேருக்குப் பிறகு மீந்த ஏழு கூடைகளுக்கும் கிரேக்க மூலத்தில் வெவ்வேறு சொற்கள். இரண்டாவது சொல்லைத்தான் பவுலை தமஸ்குவின் மதிலிலிருந்து இறக்கிய கூடைக்கு அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம் பயன்படுத்துகிறது. அப்பத்தையும் ஓர் ஆளையும் தாங்கக்கூடிய வகை! நம் ஊரில் அதற்குக் கடவம் என்றே பெயர் வைத்திருப்போம்.

பாட்டிக்குப் பின் பிஞ்ஞாணம் என்னிடம் வந்தது. விளிம்பில் ஒரு சில்லு தெறித்திருந்தது. உள்ளே மயிரிழை போன்ற ஒரு கீறலும் உண்டு. இனிச் சூடு தாங்காது என்று நானும் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில், போதகர் இல்லத்துக்கு வருகிறவர்களின் கண் முதலில் அதில்தான் விழும். "பழைய காலத்துப் பொருள், எழுபது எண்பது வருஷம் இருக்கும்" என்பேன். சிரட்டையைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை.

எசேக்கியா ராஜாவின் வீட்டுக்குப் பாபிலோனிலிருந்து ஆட்கள் வந்ததை ஏசாயா 39இல் வாசிக்கிறோம். அவன் மரணத்துக்கேதுவான வியாதியிலிருந்து பிழைத்ததைக் கேள்விப்பட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் பார்த்துவிட்டுப் போனதோ வெள்ளியையும் பொன்னையும் பரிமளத் தைலத்தையும்தான். ஏன் இவற்றைச் சேர்த்தாய் என்று தீர்க்கதரிசி கேட்கவில்லை. உன் வீட்டில் அவர்கள் எதைக் கண்டார்கள் என்றே கேட்டார். கர்த்தர் கூட்டிக்கொடுத்த பதினைந்து ஆண்டுகளைப் பற்றி எசேக்கியா அவர்களிடம் ஒரு வார்த்தையாவது சொன்னானா? அந்த அதிகாரத்தில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. இந்தப் பகுதியின்மேல் நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன், என் அலமாரியை ஒருமுறையும் நினைக்காமல்.

அந்தச் சேகரத்தில் இருந்தபோது என் தாயார் எங்களோடு சில நாட்கள் தங்க வந்தார்கள். மறுநாள் காலை சமையலறையின் பின்சன்னலில் தனியே கவிழ்ந்திருந்த ஒரு சில்வர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "இது ஆருக்கு?" என்று கேட்டார்கள். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளுக்கு என்றேன். என் தாயார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"மக்களே, இஞ்சயும் சிரட்டை வச்சிருக்கியா?"

அதை அங்கே வைத்தது யார் என்று எனக்கும் தெரியவில்லை, என் மனைவிக்கும் தெரியவில்லை. நாங்கள் யாரும் முடிவு செய்து வைத்ததல்ல. தானாக வந்து அமர்ந்துகொண்டது. அந்த அம்மாள் நம் சபையார். ஞாயிறுதோறும் பீடத்தண்டையில் முழங்கால்படியிட்டு, என் கையிலிருந்த ஒரே பாத்திரத்தில் எங்களோடு பானம்பண்ணியவர்கள். திங்கட்கிழமை காலையில் என் வீட்டில் அவர்களுக்குத் தனி டம்ளர். கர்த்தருடைய ஆலயத்தின் பானைகள் பலிபீடத்துக் கலங்களைப் போலாகும், எருசலேமின் ஒவ்வொரு பானையும் பரிசுத்தமாயிருக்கும் என்று முன்னறிவித்த சகரியா 14ஆம் அதிகாரத்தை அன்றிரவு எடுத்து வாசித்தேன். தூக்கம் வரவில்லை.

இதுதான் சகோதரிக்கு என் பதில். கிண்ணங்களை இறக்க வேண்டாம். அவை எங்கிருந்து வந்தன என்பதை விருந்தினரிடம் முழுவதுமாகச் சொல்லுங்கள். உங்கள் பின்சன்னலையும் ஒருமுறை பாருங்கள்.

மறுநாளே என் மனைவி அந்த டம்ளரை எங்கள் டம்ளர்களோடு ஒரே தட்டில் கலந்து வைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் வந்து வெகுநேரம் அதைத் தேடினார்கள். "எந்த டம்ளரானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, இப்படி மேசையில் உட்கார்ந்து குடியுங்கள்" என்றேன். எடுத்துக்கொண்டார்கள், ஆனால் நின்றுகொண்டே குடித்தார்கள். அடுத்த நாளும் சொன்னேன், அதற்கடுத்த நாளும். நாங்கள் மாற்றலாகி வருகிறவரை அவர்கள் மேசையில் உட்கார்ந்தது ஒரே ஒரு நாள்தான். அன்று நல்ல மழை. பின்வாசலில் நிற்க இடமில்லை.