கோவளக் கரையில் நான் பிடித்த மீன்

நாற்பத்து நாலு வயதில் தூண்டில் போடக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் என்னவர் சிரித்துவிட்டார். "முதல்ல மீனைப் பார்த்து வாங்கக் கத்துக்கோ. அப்புறம் பிடிக்கலாம்!" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் உண்டு.

நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரிப் பக்கம். அங்கே மீன் என்றால் ஏரியிலும் அணையிலும் கிடைக்கிற கெண்டையும் ஜிலேபியும்தான். என்னவரின் வேலை நிமித்தமாகக் கேளம்பாக்கத்தில் குடியேறிய பிறகுதான் கடல் மீன் எங்கள் வீட்டுக்குள் வந்தது. வந்த மூன்றாம் மாதமே விபரீதம்! ஒருநாள் உச்சி வெயிலில் கானாங்கெளுத்தி வாங்கினேன். அதைப் பையில் போட்டுக்கொண்டு தையற்கடை, மளிகைக்கடை என்று இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் கொதிக்க வைத்தேன். சாப்பிட்ட அரை மணியில் என் பத்து வயது மகளுக்கு முகமெல்லாம் ரத்தச் சிவப்பு, உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி வேறு. அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

ஊசி போட்டுச் சரியான பிறகு டாக்டர் விளக்கினார்: "குழந்தைக்கு மீனே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுப்பில் வைத்துவிட்டால் எல்லாம் சுத்தம் என்றுதானே இத்தனை வருஷமாக நம்பியிருந்தேன்? மகளோ அதன்பிறகு மீன் என்றாலே தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவாள். நான் செய்த தப்பை நானேதான் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு விடியற்காலை கோவளத்துக்குப் புறப்பட்டேன்.

கேளம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். வழியெல்லாம் உப்பளமும் உப்பங்கழியும் கண்ணுக்குக் குளிர்ச்சி. கோவளம் சின்ன ஊர்தான், பெருமை பெரிது. ஆற்காட்டு நவாப் இங்கே கோட்டை கட்டி, 'சாதத் பந்தர்' என்று பெயர் வைத்தாராம். 1752-ல் ராபர்ட் கிளைவ் அந்தக் கோட்டையைப் பிடித்தான். கார்மேல் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் ஒரே ஊரில் இருப்பது மனசுக்கு நிறைவு. 2021-ல் இந்தக் கடற்கரைக்கு 'நீலக்கொடி' சான்றும் கிடைத்தது. அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. நான் தேடிப்போனது படகுகள் வந்து சேருகிற கரையை.

அங்கே ஓர் ஆயா மீன் விற்றுக்கொண்டிருந்தார். என் கதையைச் சொன்னேன். "அட, என்னா கண்ணு நீ! மீனை வாங்கச் சொல்ல அதும் கண்ணைப் பாரு. பளபளன்னு முட்டிக்கினு உன்னைப் பாக்கணும். குழி வுழுந்து கெடந்தா வுட்டுடு. செவுளைத் தூக்கிப் பாரு, செவப்பா இருக்கணும். வெரலால அழுத்தினா பள்ளம் நிக்கக் கூடாது" என்றார். பத்து நிமிஷத்தில் ஒரு பாடம்!

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வீட்டுக்காரர் எனக்குத் தூண்டில் சொல்லிக் கொடுத்தார். கழி கிடையாது. பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய நைலான் நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, சின்ன முள், இரைக்கு இறால் துண்டு. அவ்வளவுதான். முதல் வீச்சில் முள் என் புடவையிலேயே மாட்டிக்கொண்டது! குப்பத்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

இரண்டாம் ஞாயிறு நரம்பு 'வெடுக்'கென்று இழுத்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. கரைக்கு வந்ததும் அந்த மீன் பலூன் மாதிரி உப்பிக்கொண்டது! "தொடாதே கண்ணு, பேத்தை! துன்னா ஆளையே சாய்ச்சுடும்" என்று தாத்தா பதறி, அதைக் கடலில் விட்டுவிட்டார். பேத்தையின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சும் சமைத்தால் போகாதாம். மறுபடியும் அதே பாடம்! மீன் சமையல் அடுப்படியில் அல்ல, கரையிலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

நாலாம் ஞாயிறுதான் கிழங்கான் கிடைத்தது. ஒரு சாண் நீளம், வெள்ளிக் கம்பி மாதிரி. மணல் தரையில் மேய்கிற மீன் இது. சதை பூப்போல இருக்கும். முள்ளும் சுலபமாக வந்துவிடும். குழந்தைகளுக்கு ஏற்றது. நான் பிடித்தது மூன்றே மூன்று. குழம்புக்குப் போதாதே என்று ஆயாவிடம் அரை கிலோ வாங்கிச் சேர்த்துக்கொண்டேன். மூடி போட்ட டப்பாவில் ஐஸ் நிரப்பி, நேராக வீடு!

ஆயா சொன்னபடி செதில் சுரண்டி, குடலும் செவுளும் எடுத்து, கல் உப்பும் மஞ்சளும் போட்டு அலசினேன். மண்சட்டியில் நல்லெண்ணெய் காயவைத்து, வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்புடன் புளியைக் கரைத்து ஊற்றினேன். பச்சை வாசனை போய், குழம்பு சுண்டி எண்ணெய் மிதந்த பிறகே மீனைப் போட்டேன். ஏழெட்டு நிமிஷம் போதும். கரண்டி போட்டால் மீன் உடைந்துவிடும்; சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்ற வேண்டும்.

சகோதரிகளே, நீங்களும் மீன் வாங்கப் போகும்போது பையோடு ஒரு டப்பா ஐஸும் கொண்டு போங்கள். மற்ற கடைகளுக்கெல்லாம் முதலில் போய்விட்டு, மீன் கடைக்குக் கடைசியாகப் போங்கள்.

என் மகள் சாப்பிட்டாளா என்றுதானே கேட்கிறீர்கள்? நான் மீனை ஆயும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குனிந்து பார்த்தாள். "அம்மா, இது நம்மளையே பாக்குது! நல்ல மீன்தான்" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டு நகரவில்லை. "நீ பிடிச்சது எது?" என்று கேட்டு, அதையே முதலில் எடுத்துக்கொண்டாள்.